‘இது போதும்’ என்றார்கள்

“உங்கள் கணவருக்கா, மகனுக்கா?”

கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வெளியே, பழைய இசைக்கருவிகள் விற்கும் கடை அது. நான் விலை கேட்டது ஒரு பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு. எனக்குத்தான் என்றேன். அவர் முகத்தில் கேலி இல்லை, இரக்கம் இருந்தது. கேலிக்குப் பதில் சொல்லப் பழகியிருக்கிறேன், இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வதென்று இன்றும் தெரியாது. அவர் என்னை மூலையில் கிடந்த இன்னொரு கருவியிடம் அழைத்துப்போனார். “புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது போதும்.” விலை அறுநூறு டாலர். வாங்கிவிட்டேன்.

அந்தப் ‘போதும்’ எனக்கு எட்டு மாதத்தைத் தின்றது. அதற்கு முன்பே என் வாழ்க்கையில் நிறையத் தின்றிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

2009இல் திருமணமாகி இங்கே வந்தேன். எச்-4 விசா. கணவரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வரும் விசா. தங்கலாம், படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடம் ஊரார் கணக்கையெல்லாம் எழுதியவள், இங்கே வந்து கொத்தமல்லிக் கட்டு வாங்கிய கணக்கைக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதில்லை. நானாகவே சொன்னேன். சம்பாதிக்காதவளின் வாய் தானாகக் கணக்குச் சொல்லும்.

கார் ஓட்டக் கற்ற பிறகு வானொலி துணைக்கு வந்தது. டெக்சாஸில் எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ட்ரி இசை. பாட்டு வரிகள் பாதி புரியாது. ஆனால் பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் ஒரு கருவி வரும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாது, வழுக்கிக்கொண்டே போகும். வீணைக் கமகம் கேட்ட காதுக்கு அது அந்நியமாகப் படவில்லை. அதன் பெயர் பெடல் ஸ்டீல் என்று தெரிந்துகொள்ளவே பல மாதமானது.

அதன் பூர்வீகம் ஹவாய்த் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிட்டாரைக் கிடைமட்டமாக வைத்து, தந்திகளின் மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையை உருவாக்கியவர் என்று ஜோசப் கெகுகு என்ற ஹவாய்க்காரரைச் சொல்கிறார்கள். அந்த வாசிப்பு அமெரிக்கா முழுக்கப் பரவியது, இந்தியாவுக்கும் வந்தது. தந்தி மேல் வழுக்கி வாசிப்பது நமக்குப் புதிதல்ல. கோட்டுவாத்தியம் அப்படித்தான் வாசிக்கப்படுகிறது, மன்னார்குடி சாவித்திரி அம்மாள் அதில் பெயர் பெற்றவர். அமெரிக்கர்கள் சேர்த்தது பெடலை. 1954இல் வெற்றி பெற்ற ‘ஸ்லோலி’ என்ற வெப் பியர்ஸ் பாடலில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தந்தியின் சுருதியை மாற்றினார். அதன் பிறகு கண்ட்ரி இசையின் குரலே மாறிப்போனது.

கருவியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு கால் வைத்த குறுகலான மேஜை போல இருக்கும். மேலே பத்துத் தந்திகள். இடது கையில் குழவி போன்ற இரும்புத் துண்டு, வலது கை விரல்களில் நகம்போல மாட்டிய பிக். கீழே இடது பாதத்துக்கு மூன்று பெடல்கள், இரண்டு முழங்கால்களாலும் பக்கவாட்டில் தள்ளுவதற்கு லீவர்கள், வலது பாதத்துக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடல். அடுப்பில் குழம்பு, இடுப்பில் குழந்தை, காதில் போன், கால் விரலால் கீழே விழுந்த கரண்டி என்று வாழ்ந்தவளுக்கு இது முடியாதா என்று அப்போது தோன்றியது.

பெடல் என்ன செய்கிறது என்பதை நம் சுரங்களில் சொன்னால் எளிது. கண்ட்ரி இசைக்குரிய ஈ-9 சுருதி அமைப்பில் மூன்று தந்திகளை ச, க, ப என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெடல் க-வை ம-வாக ஏற்றும். இன்னொன்று ப-வை த-வாக ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால், ச நின்ற இடத்திலேயே நிற்க, மற்ற இரண்டும் வழுக்கி மேலேறி ச, ம, த ஆகிவிடும். அந்த ஏற்றம்தான் கேட்பவரின் நெஞ்சைப் பிசைகிறது. முழங்கால் லீவர்களோ ச-வையே அசைக்கும். ஒன்று அரைச் சுரம் ஏற்றும், ஒன்று அரைச் சுரம் இறக்கும்.

2015 மே மாதம் விசா விதி மாறியது. கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைவர்கள் வேலை அனுமதி வாங்கலாம். ஒரு பல் மருத்துவமனையில் பில்லிங் வேலை கிடைத்தது. ஒரு வருடம் சேமித்தேன். கிட்டார் வாங்கப் போகிறேன் என்றதும் கணவர், “முதல்ல சின்னதா ஒண்ணு வாங்கிப் பாரேன். பிடிக்காமப் போயிட்டா?” என்றார். அதற்கு முந்தைய வருடம் அவர் வாங்கிய ஆயிரத்து நூறு டாலர் கேமராவுக்குப் பிடிக்காமல் போயிட்டா என்று யாரும் கேட்கவில்லை. அது இப்போது அலமாரியில் தூங்குகிறது. அம்மா போனில், “நாப்பதாயிரமாடி? அந்தக் காசுக்கு ஒரு வளையல் போட்டா நாளைக்கு உம் பொண்ணுக்காவது ஆகும்” என்றார்.

எட்டு மாதம் போராடினேன். குழந்தை தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம். எந்தப் பாடத்தை எடுத்தாலும், “இப்போது இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளுங்கள்” என்று வரும். தள்ளினால் காற்றுதான் இருக்கும். என் கருவியில் பெடல் மூன்று, லீவர் ஒன்றே ஒன்று. பரவாயில்லை, இருப்பதை வைத்து வாசிப்போம் என்றால், பெடலை மிதித்து விடுவித்த பிறகு எல்லாமே அபசுரமாகக் கேட்டது. என் காது சரியில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு வர எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஏற்கனவே ஒருவர் எனக்கு அப்படிச் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு வயதில் எனக்கு வீணை கற்றுக்கொடுத்தார்கள். யாரோ உறவினர் வீட்டுப் பரணில் இருந்து இறங்கிய வீணை. “கத்துக்கறதுக்கு இது போதும்” என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. ஒரு வருடம் கழித்து வாத்தியார், “இவளுக்குச் சுருதி ஞானம் இல்லை” என்று சொல்லி நிறுத்திவிட்டார். நானும் அதை நம்பினேன். பள்ளி ஆண்டு விழாவில் சேர்ந்து பாடும்போதுகூட வாயை மட்டும் அசைத்தேன்.

கிட்டாரை விற்றுவிடலாம் என்ற கட்டத்தில், பக்கத்து ஊரில் ஸ்டீல் கிட்டார் கற்றுத்தரும் எழுபது வயதுப் பெண்மணி ஒருவரைக் கண்டுபிடித்தேன். இளமையில் வார இறுதிகளில் நடன அரங்குகளில் வாசித்தவர். கருவிக்குக் கால் மாட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம், “வாசிக்கிறவர் எப்போது வருவார்?” என்று கேட்பார்களாம். “இதோ, கால் மாட்டி முடித்ததும் வந்துவிடுவார்” என்பாராம்.

அவர் என் கிட்டார் முன் உட்கார்ந்து எதையும் வாசிக்கவில்லை. ட்யூனரை இணைத்தார். ஒரு தந்தியைச் சுண்டி, பெடலை மிதித்து, விடுவித்து, மறுபடி சுண்டினார். முள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த தந்தியும் அப்படியே. என்னிடம் திரும்பி, “உன் காதில் ஒரு குறையும் இல்லை. நன்றாகக் கேட்டதால்தான் உன்னால் வாசிக்க முடியவில்லை” என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் காபி போட எழுந்து போனார்.

அவர் சொன்ன இன்னொன்றை இங்கே எழுதிவைக்கிறேன். கை தேர்ந்தவர்கள் மோசமான கருவியிலும் சமாளித்துவிடுவார்கள், எங்கே குறை என்று அவர்களுக்குத் தெரியும். தொடங்குகிறவருக்குத் தெரியாது. எல்லாக் குறையையும் தன் கையிலும் காதிலும் ஏற்றிக்கொள்வார். அதனால் நல்ல கருவி முதலில் தேவைப்படுவது தொடங்குகிறவருக்கே. முனை மழுங்கிய அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிவிட்டு, “உனக்குக் கை வராது” என்ற பேச்சையும் வாங்கிக்கொள்கிற நாம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த கருவியை அவர் துணையோடு தேடினேன். மலிவு வேறு, மட்டம் வேறு என்று அப்போது கற்றேன். எங்கே பணத்தைக் குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

குறைக்கக் கூடாதவை: பெடல் மூன்று, முழங்கால் லீவர் நான்கு. இன்றைய பாடங்கள் பெரும்பாலும் இந்த அமைப்பை வைத்தே எழுதப்படுகின்றன, அதற்குக் கீழே போனால் பாதி மொழியில் பேசுவது போல இருக்கும். ஒவ்வொரு பெடலும் லீவரும் ட்யூனர் சோதனையில் தேற வேண்டும்: மிதி, விடு, முள் திரும்புகிறதா பார். பழையது வாங்கினால் நான்கு கால்களும், பெடல்களை மேலே இணைக்கும் கம்பிகளும் முழுமையாக இருக்கின்றனவா, உடலில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். உதிரி பாகம் கிடைக்காத கருவி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

குறைக்கக் கூடியவை: பளபளப்பு, புகழ்பெற்ற பெயர், இரண்டாவது கழுத்து. ஈ-9, சி-6 என்று இரண்டு சுருதி அமைப்புக்கும் இரட்டைக் கழுத்து வைத்த கருவிகள் உண்டு. பெரிய மேடைக்காரர்களின் படங்களில் அதைத்தான் அதிகம் பார்ப்போம். தொடங்குகிறவருக்கு ஒற்றைக் கழுத்து நிறைவாக இருக்கும். எடையும் குறைவு. தூக்கப்போவது யார் என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். பெட்டியோடு சேர்ந்தால் ஒற்றைக் கழுத்தே ஓர் அரிசி மூட்டையைத் தூக்குவது போலத்தான் இருக்கும்.

கருவியின் விலையோடு கணக்கு முடியாது. ஒலிப் பெடல், ஆம்ப்ளிஃபயர், இரும்புத் துண்டு, பிக், தந்திகள், சரியான உயரத்தில் ஒரு இருக்கை. இவற்றுக்குச் சில நூறு டாலரை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். மொத்தமே முந்நூறு டாலர்தான் இருக்கிறதா? குறைபட்ட பெடல் ஸ்டீலைத் தொடாதீர்கள். பெடல் இல்லாத, மடியில் வைத்து வாசிக்கும் நல்ல லேப் ஸ்டீலை வாங்குங்கள். குறையில்லாத சிறிய கருவி உங்கள்மேல் பொய்க் குற்றம் சாட்டாது.

இன்னொன்று, உடம்பு. நான் ஐந்தடி உயரம். கடையில் உட்கார்ந்து பார்த்த முதல் மூன்று கருவிகளிலும் லீவர் என் முழங்காலுக்கு எட்டவில்லை. என் கால்தான் குட்டை என்று வழக்கம்போல நினைத்தேன். கால்களின் உயரத்தை மாற்றலாம், அதற்கேற்பப் பெடல் கம்பிகளையும் மாற்றலாம், பல கருவிகளில் லீவரை நகர்த்தியும் பொருத்தலாம் என்று ஆசிரியர் காட்டினார். பெடல்களின் வரிசையைக்கூட பட்டி எமன்ஸ் ஒரு விதமாகவும் ஜிம்மி டே நேர் எதிராகவும் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் இன்று அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஆண்கள் தங்கள் காலுக்கு ஏற்றபடி கருவியை மாற்றியபோது அது ‘அமைப்பு’ ஆனது. நான் மட்டும் ஏன் என் காலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்?

கடைசியில் பழைய ஒற்றைக் கழுத்துக் கருவி ஒன்று ஆயிரத்து இருநூற்றைம்பது டாலருக்குக் கிடைத்தது. முதல் கருவியைக் குறையைச் சொல்லியே விற்றேன். முந்நூற்றைம்பது திரும்பியது. ‘சின்னதா ஒண்ணு வாங்கிப் பாரேன்’ என்பதன் விலை இருநூற்றைம்பது டாலரும் எட்டு மாதமும்.

இந்தக் கருவியில் பெண்கள் இல்லாமல் இல்லை. பாடகியாகப் புகழ்பெற்ற பார்பரா மாண்ட்ரெல் சிறுமியாக மேடையேறியதே ஸ்டீல் கிட்டாருடன்தான். சூசன் ஆல்கார்ன் டெக்சாஸின் கண்ட்ரி இசைக்குழுக்களில் வாசித்துத் தேர்ந்து, பிறகு அர்ஜென்டினாவின் பியாசோலா இசையைப் பெடல் ஸ்டீலில் கொண்டுவந்து, 2015இல் தனி இசைத்தொகுப்பாகவே வெளியிட்டார். 2025 ஜனவரியில் மறைந்தார். இவர்கள் பெயரை ஒரு கடையிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோ காலில் வாசித்துக் காட்டினேன். ச, க, ப. மிதித்தேன். ச, ம, த. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வீணை மாதிரியே இழையுதே” என்றார்.

அப்போதுதான் கேட்டேன். “அம்மா, அந்த வீணைக்கு மேளம் புதுசா வச்சாங்களா?” வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும். மெழுகு பழசாகி இளகினால் மெட்டு நகரும், சுரம் விலகும். புது மெழுகு வைத்து மெட்டுகளைச் சுருதிக்குச் சரிசெய்வதைத்தான் மேளம் வைப்பது என்பார்கள்.

“எங்கடி வச்சோம்? வைக்கணும்னுதான் வாத்தியார் ரெண்டு தடவ சொன்னாரு. உங்கப்பா, பொட்டப்புள்ள பாடம் கேக்கறதுக்கு இதுவே போதும்னுட்டாரு. அந்த வருஷம்தான் உங்கண்ணனுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டணும்.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கும் அப்பவே கேட்டுதுடி, சுரம் சேரலன்னு. நான் சொல்லல” என்றார்.

அம்மாவுக்கும் காது இருந்திருக்கிறது. அதை நான் கேட்டதே இல்லை.

இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. நான் வாசிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து லீவரைத் தள்ளுவாள். அவளுக்கு எட்டும்படி இருக்கையைத் தாழ்த்தியிருக்கிறேன். மூன்றாம் தந்தி அடிக்கடி அறுந்துபோகும். மெல்லிய தந்தி, அதிக இழுவை, பெடல் ஸ்டீல் வாசிக்கிற எல்லோருக்கும் அது அறும். முதல் தடவை அறுந்தபோது மகள், “அம்மா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, டப்பாவைத் திறந்து காட்டினேன். உள்ளே பத்து உதிரித் தந்திகள் வாங்கி வைத்திருந்தேன்.