ஒன்றரை எதற்கு ஒன்றரை?

திங்கள்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கான விதிமுறை வந்துவிட்டது. இடப்பக்கம் 35 மி.மீ., வலப்பக்கம் 20, மேலே 30, கீழே 25. டைம்ஸ் நியூ ரோமன், 12 பாயிண்ட், ஒன்றரை வரி இடைவெளி. வேர்டை மனதில் வைத்து எழுதியது என்று பார்த்ததுமே தெரிகிறது. சமன்பாடுகள் நிறைய உள்ள பிள்ளைகள் லாடெக்கில்தான் எழுதுவோம் என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கிளாஸ் கோப்பு செய்து தர ஒப்புக்கொண்டேன்.

ஓரங்களில் சிரமமில்லை. ஜியாமெட்ரி தொகுப்புக்கு நான்கு எண்களைக் கொடுத்தால் முடிந்தது. தாள் ஏ4 என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட் கிளாஸ் தானாக எடுத்துக்கொள்வது அமெரிக்க லெட்டர் தாளை. அது ஏ4-ஐவிடச் சுமார் 6 மி.மீ. அகலம், 18 மி.மீ. குட்டை.

செவ்வாய்

நாள் முழுக்க இந்த ஒன்றரைதான். எதற்கு ஒன்றரை? விதிமுறை சொல்லவில்லை. வேர்டு, எழுத்துருவின் இயல்பான வரி உயரத்தைப் பெருக்குகிறது. டைம்ஸ் 12 பாயிண்டுக்கு அது ஏறக்குறைய 13.8, ஒன்றரை மடங்கு 20.7. லாடெக்கின் செட்ஸ்பேஸ் தொகுப்போ எழுத்தின் அளவையே பெருக்குகிறது: 12-க்கு 18. இந்த ஓரங்களுக்குள் வேர்டில் பக்கத்துக்கு 33 வரி, லாடெக்கில் 38. இரண்டும் ஒன்றரைதான்!

"ரிப்போர்ட் மெலிஞ்சுடும் சார்" என்கிறான் ஒருவன். அவன் கவலை அவனுக்கு. சரிபார்ப்பவர் பக்கத்தில் வேர்டு ரிப்போர்ட்டை வைத்துத்தான் பார்ப்பார் என்பதால் வேர்டுக்கே இணங்கினேன். 12 பாயிண்ட் ரிப்போர்ட் கிளாஸின் இயல்பான வரித்தொலைவு 14.5, 1.43 மடங்கு வைத்தால் வேர்டோடு ஒத்துப்போகிறது.

வியாழன்

பக்க எண் வலது மேல் மூலையில் வர வேண்டுமாம். ஃபேன்சிஹெட்டர் வைத்தாயிற்று. ஆனால் அத்தியாயம் தொடங்கும் பக்கங்களில் மட்டும் எண் கீழே நடுவில் போய் உட்காருகிறது. அத்தியாயக் கட்டளை அந்தப் பக்கத்துக்கு 'பிளெய்ன்' பாணியைத் தானே போட்டுவிடும். அந்தப் பாணியையும் திருத்தினால்தான் எண் மேலே ஏறும். தலைப்புக்கு மேலே அதே கட்டளை விடும் 50 பாயிண்ட் வெற்றிடத்தை, அதாவது 17 மி.மீ.க்கும் சற்று அதிகத்தை, டைட்டில்செக் கொண்டு நீக்கினேன். இல்லையென்றால் ஸ்கேல் வைப்பவர் மேல் ஓரம் 48 என்று எழுதித் திருப்பிவிடுவார்.

லாடெக்கில் இப்படி விதிக்கு வளைப்பது பாவம் என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதுபவர் உள்ளடக்கத்தைப் பார்க்கட்டும், தோற்றத்தை வடிவமைப்பாளர் பார்க்கட்டும் என்பதுதானே லெஸ்லி லாம்போர்ட் லாடெக்கைக் கட்டிய விதம்? இங்கே வடிவமைப்பாளர் பல்கலைக்கழகம். அதன் ரசனை பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, அது வேறு. விதிகள் கிளாஸ் கோப்பில் இருக்க வேண்டும், மாணவனின் அத்தியாயத்துக்குள் அல்ல. ஒரு பையன் பத்திக்குப் பத்தி கையால் இடைவெளி போட்டிருந்தான்; எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன்.

சனி

முன்பக்கங்களுக்கு ரோமன் சிற்றெண், முதல் அத்தியாயத்திலிருந்து 1. இது ஒரே வரி வேலை. எண்முறையை மாற்றினாலே எண்ணிக்கை 1-க்குத் திரும்பிவிடும்.

மாதிரிப் பிரதியை ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்து அளந்தால் ஓரம் ஒன்றும் ஒத்துவரவில்லை. கோப்பில் 35 சரியாக இருக்கிறது. அச்சிடும்போது கடைக்காரர் 'ஃபிட்' தேர்ந்திருக்கிறார், பக்கமே சுருங்கிவிட்டது. கிளாஸ் கோப்பின் முதல் வரியில் குறிப்பு எழுதி வைத்தேன்: கடையில் 'ஆக்சுவல் சைஸ்' என்று கேட்டு வாங்கவும்.