வருஷா வருஷம் எதுக்கு?

“ஒரு தடவ காசு குடுத்தா முடிஞ்சிரும்லா தம்பி? வருஷா வருஷம் எதுக்கு?” வண்ணார்பேட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை, கடைக்காரர்களிடம் வெப்சைட் பேச்சை எடுத்தால் காபி வருவதற்கு முன் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பாளையங்கோட்டையில் இரண்டு பையன்களை வைத்து வெப் டிசைன் செய்யும் நண்பரோடு சுற்றினேன். அவர் வேலையில் பாதி, இதற்குப் பதில் சொல்வதுதான்.

டவுனில் ஒரு அல்வாக் கடை. டிசைன் கூலியில் அண்ணாச்சி பேரம் பேசவில்லை. தளத்துக்கு மாசம் ஆயிரத்துச் சொச்சம் சந்தா என்றதும் முகம் மாறியது.

“வேர்ட்பிரஸ் சும்மாவே கிடைக்குன்னு எம் மருமவன் சொல்லுதான்.”

மருமகன் சொன்னது சரி. 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் இன்றும் இலவசம். உலகின் இணையதளங்களில் பத்துக்கு நாலு அதில் ஓடுகின்றன. ஆனால் ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் காசு. அப்டேட், பேக்கப் பார்க்க ஆள் வேண்டும்.

“தீபாவளி வாரம் ராத்திரி பேமெண்ட் பக்கம் நின்னுட்டா யாரக் கூப்புடுவீங்க, அண்ணாச்சி?”

“உன்னத்தான்.”

“அதுக்குச் சம்பளம்?”

அண்ணாச்சி சிரித்தார், மசியவில்லை. கூகுள் வணிகப் பக்கத்தோடு சும்மா கொடுத்த இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியதை நண்பர் சொன்னார். அந்த முகவரியை அல்வாப் பெட்டியில் அச்சடித்திருந்தால்? “வாடகை வாங்குதது வெளிநாட்டுக்காரன் வித்தைல்லா” என்றார் அண்ணாச்சி. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் இருக்கும் ஸோஹோவும் மென்பொருளைச் சந்தாவுக்குத்தான் விற்கிறது என்றார் நண்பர்.

பேச்சைத் திருப்பியது கல்லாவுக்குப் பின்னால் கிடந்த நீள நோட்டு. வெளியூர் ஆர்டர்களை ஒரு பையன் வாட்ஸ்அப்பிலிருந்து பார்த்து எழுதுகிறான்: முகவரி, எத்தனை கிலோ, ‘பணம் வந்தது’ என்று ஒரு டிக். பக்கத்திலேயே கூரியர் சீட்டை ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கிறான். பின்கோடில் ஒரு எண் மாறித் திரும்பி வந்த பார்சல்களுக்குச் சிவப்பு மையில் வட்டம். நண்பர் வட்டங்களை எண்ணவில்லை; நோட்டை அண்ணாச்சி பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அவரே எண்ணினார். “இவன் கவுண்டர்ல நின்னா எவ்வளவு வியாபாரம் ஆவும்” என்று முணுமுணுத்தார். பேமெண்ட் கேட்வே ஏறக்குறைய இரண்டு சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும் என்பதையும் நண்பர் அப்போதே சொல்லிவிட்டார். பின்னால் தெரிந்தால் சண்டை வரும்.

மறுநாள் பத்தமடை. தாமிரபரணிக் கோரையை ஊறவைத்து, காயவைத்து, மெல்லிசாக வகிர்ந்து நெய்யும் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. நாங்கள் போன வீட்டில் அம்மா ஒரு கல்யாணப் பாயை விரித்துக் காட்டினார். ஓரத்தில் மாப்பிள்ளை, பெண் பெயரும் தேதியும் நெசவிலேயே இருந்தன. “நாங்களும் கடை மாதிரி வைக்கணும் தம்பி. மாசம் எவ்வளவு?”

நண்பர் வேண்டாம் என்றார். பெயர், தேதி, நிறம் என்று ஒவ்வொரு பாயையும் போனில் பேசித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. கூடையில் போட்டுப் பணம் கட்டும் தளம் அங்கே சும்மா கிடக்கும். “இப்போதைக்கு வாட்ஸ்அப் பிசினஸ்ல பாய் படம் போட்டா போதும்மா. டொமைன் பேரு மட்டும் உங்க பேர்ல வாங்கி வச்சுக்கிடுங்க.”

கையில் வந்த வேலையை விடுகிறாரே என்றேன். தேவையில்லாத சந்தாவைத் தலையில் கட்டினால் அடுத்த வருஷம் அது புதுப்பிக்கப்படாது. வீணாகப் போனது மட்டும் ஆற்றங்கரை முழுக்கப் பேசப்படும் என்றார். சந்தா, டொமைன், கார்டு எல்லாம் கடைக்காரர் பெயரில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி வைக்க வேண்டும். தளக்காரன் விலையை ஏற்றினாலும் டிசைனரோடு மனஸ்தாபம் வந்தாலும் கடை நிற்காது.

அல்வாக் கடை அண்ணாச்சி கடைசியில் ஒத்துக்கொண்டார், வருஷச் சந்தாவுக்கு அல்ல. வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் கழிவு போனாலும் பரவாயில்லை, தீபாவளி வரை மாசாமாசம் கட்டிப் பார்ப்பாராம். நண்பருக்கு அதில் சந்தோஷம்தான். மாசாமாசம் காசு கட்டுகிற அண்ணாச்சி, மாசாமாசம் கணக்கையும் திறந்து பார்ப்பார்.