பிக் பாஸும் கூட்டுக் கிணறும்

பிக் பாஸ்னாலே எங்க அணைக்கட்டு பக்கம் பெரியவங்க முகம் சுளிப்பாங்க. குடும்பத்தோட பாக்கிற நிகழ்ச்சியான்னு கேப்பாங்க. நியாயம்தான். ஆனா எடுத்துக்க வேண்டியதும் அதுல இருக்குங்க.

2017-ல விஜய் டிவியில முதல் சீசன். ஓவியாவுக்கும் ஜூலிக்கும் தகராறு. நடந்தது என்னன்னு கமல் சார் குறும்படம் போட்டே காட்டினார்.

எங்க கூட்டுக் கிணத்துலயும் முறைத் தண்ணிக்கு அண்ணன் தம்பி சண்டை. மோட்டார் எப்ப போட்டது, எப்ப நிறுத்தினதுன்னு ஆளுக்கொரு கணக்கு. பேச்சே நின்னுபோச்சு. இங்க குறும்படம் ஏது? மோட்டார் கொட்டாயில ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். போடறவங்க நேரத்தை எழுதி கையெழுத்து போடணும்.

ரெண்டு போகம் ஆச்சு. ரெண்டு பேரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசல. ஆனா யார் நெல்லும் காயலைங்க.