அட்டைத் துண்டு

திருப்புலி நாட்டில் நான் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில், ஒரு சாயங்காலம், மோரிஸ் தெலாழின் 'ராகமாலிகா' ஒலிப்பதிவைப் போட்டேன். கோயம்புத்தூர் தாயி பாடிய அருட்பா இசைத்தட்டைக் கேட்டு, அந்தப் பிரெஞ்சுக்காரர் 1914 வாக்கில் எழுதியது. ஒரு குரல், ஒரு பியானோ. மங்கி ஒலிக்க, ஒரு ஸ்வரத்தின் தந்திக்கடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்கிறார். ஜான் கேஜ் பியானோவுக்குள் திருகாணிகளைச் செருகியது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.

மிளகு ஆய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரப் பாட்டி கேட்டாள்: "நம்ம பாட்டாட்டம் இருக்குது. ஏன் இப்படித் திக்குது?"

பதில் வரவில்லை. நவீனம் மேற்கிலிருந்து வாங்கிய இரவல் என்றே எழுதி வந்தவன் நான். தெலாழை வருஷக்கணக்காகத் தெரியும். தாயியின் தட்டை அன்றுவரை தேடியதில்லை.