கயிறு மாறிய பின்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதம், தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தென்னந்தோப்பு ஒன்றின் நடுவே இருந்த தகரக் கொட்டகையில் நான் ஒரு கார் வாங்கினேன். சிவப்பு நிறம். மேற்கூரை கிடையாது. இரண்டே இருக்கைகள். ‘ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர்’ என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார், 1963ஆம் வருடத்தது என்றார் விற்றவர். விலை ஆறரை லட்சம். கூட்டுறவுச் சங்கக் கடனும் எடுத்துவைத்திருந்த சீட்டுப் பணமும் அதோடு தீர்ந்தன. என் மனைவி அந்தக் காரை இன்றுவரை கார் என்று சொன்னதில்லை. ‘சங்கக் கடன்’ என்றுதான் குறிப்பிடுகிறாள். தமிழ் படித்தவன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும்.

கார்மீது எனக்குத் தனிப்பட்ட மோகம் எதுவும் இருந்ததில்லை. ஆசை அப்பாவுடையது. அதை ஆசை என்று சொல்லலாமா என்பதும் ஐயந்தான். அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். தாத்தா ரயில்வேயில் கலாசி. 1964 டிசம்பர் புயலுக்குச் சில மாதங்கள் முன்பு தாத்தாவுக்கு மண்டபத்துக்கு மாற்றல் வந்தது. அதனால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா புயலைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் தனுஷ்கோடிக் கதை ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, 1961ஆக இருக்கவேண்டும், தலைமன்னாரிலிருந்து வந்த கப்பலில் ஒரு வெள்ளைக்காரர் தன்னுடைய திறந்த காரோடு வந்திறங்கினார். காரைச் சரக்குத் தட்டில் ஏற்றும்வரை நிழலில் நிறுத்தியிருந்தார்கள். அந்த அரைமணி நேரம் அப்பாவையும் இன்னும் இரண்டு பையன்களையும் உட்கார்ந்துகொள்ளச் சொன்னாராம் அந்த மனிதர். சிவப்புக் கார். ஆரஞ்சு மிட்டாயும் கொடுத்தாராம்.

அந்தக் கொட்டகைக்கு முதல்முறை போனது தற்செயலாக. உடன்வந்த நண்பருக்குப் பழைய ஜீப் ஒன்று தேவைப்பட்டது. மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததை நான் பார்த்தேன். விற்பவர் தேநீர் வரவழைத்தார். பேச்சுவாக்கில் அப்பாவின் கதையைச் சொன்னேன். அவர் மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டார். எங்கள் துறைத்தலைவர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்து நான் மட்டும் போனேன். இப்போது காருக்கு ஒரு வரலாறு இருந்தது. இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, ‘இர்வின்’ கப்பலில் அதைத் தனுஷ்கோடிக்குக் கொண்டுவந்தாராம். பிறகு அது ராமேஸ்வரத்தில் ஒரு வீட்டுப் புறக்கடையில் அறுபது வருடம் கிடந்ததாம். “உங்க அப்பா பாத்தது இதாவே இருக்கலாம் சார். யாரு கண்டா?” என்றார். முதல்நாள் அந்தக் கார் ஊட்டியிலிருந்து வந்தது என்று அவரே நண்பரிடம் சொல்லியிருந்தார். அது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் அதை நான் நினைவுகூர விரும்பவில்லை.

ஓட்டைகள் பல. பாம்பன் கடல்மேல் சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988 அக்டோபரில். அதுவரை தீவுக்குள் ஒரு கார் வரவேண்டுமானால் ரயிலேறி வரவேண்டும், இல்லையென்றால் படகில் வரவேண்டும். அப்படி வந்த காரைத் தீவிலேயே விட்டுவிட்டு ஒரு துரை எங்கே போனார்? ஆர்.சி. புத்தகத்தில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்று இருந்தது. கேட்டேன். “அந்தக் காலத்து கிளார்க்குக்கு ஃபாரின் கார் பேரு என்ன தெரியும் சார்? தெரிஞ்ச பேரை எழுதிட்டான்” என்றார். இருபது வருடமாகப் பாடவேறுபாடு கற்பிக்கிறவன் நான். ஏடெழுதியவர் பிழை என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடுவேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்றும் விளங்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பிட்ஃபயர் 1962இல்தான் வெளிவந்தது என்பதை வாங்கும் முன்பே படித்திருந்தேன். அப்பா சொன்ன வருடத்தோடு அது பொருந்தவில்லை. அப்பாவுக்கு வருடம் தவறியிருக்கும் என்று முடிவுசெய்தேன்.

மெக்கானிக்கை அழைத்துவரட்டுமா என்று கேட்டபோது மட்டும் அவர் முகம் சற்று மாறியது. “தாராளமா. ஆனா இங்க உள்ள பயலுகளுக்கு மாருதியைத் தவிர என்ன தெரியும்? ஒண்ணு கெடுப்பான், இல்ல கமிஷன் கேப்பான்.” நான் அழைத்துப்போகவில்லை.

இந்தக் கரையில் இது புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ பாண்டியர்களின் குதிரைப் பித்தை வியந்து எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது. வளர்க்கத் தெரியாது, வைத்தியம் தெரியாது. இதில் கூர்மையான செய்தி ஒன்றுண்டு: குதிரை வணிகர்கள் லாட வைத்தியர்கள் எவரையும் இந்தப் பக்கம் வரவிடமாட்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே தருகிறார். குலசேகர பாண்டியன் காலத்தில் ஆண்டுக்கு 1400 குதிரைகளுக்கு ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் அரசன் பணம் கொடுத்தாகவேண்டும். காயலுக்கும் பிற பாண்டியத் துறைகளுக்கும் அந்தக் கப்பல்கள் வந்தன. கீழக்கரைக்குக் கிழக்கே உள்ள பெரியபட்டினத்தில் இன்றும் மண்ணைக் கிளறினால் சீனப் பீங்கான் ஓடுகள் அகப்படும். அவ்வளவு வணிகம் நடந்த கரை. வைத்தியனை வரவிடாதவர்கள்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. செத்த குதிரைக்கு விலைகொடுக்கச் சம்மதித்து முத்திரை வைத்த பாண்டியனைத்தான் எனக்கு நன்றாகப் புரிகிறது.

நான் வாங்கிய கொட்டகையிலிருந்து ஆவுடையார்கோவில் வெகுதூரமில்லை. குதிரை வாங்கக் கொண்டுபோன அரசன் பணத்தை வாதவூரர் கோவிலுக்குச் செலவிட்ட திருப்பெருந்துறை அதுதான். நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்து விற்றது இறைவன். திருவிளையாடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அந்தக் குதிரைச் சேவகன் பாண்டியனிடம் கயிறு மாறும் இடம். இன்று கயிறு மாறிவிட்டால் நாளை எனக்கும் உனக்கும் வழக்கில்லை என்பது வணிக மரபு. அரிமர்த்தனன் மகிழ்ந்து வாங்கிக்கொள்கிறான். இரவில் அவை மீண்டும் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. இதை எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். ‘உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன், பின்னால் எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற தாளில் கையெழுத்திட்டுச் சாவியை வாங்கியபோது அது ஆவணி மாதம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

என் நரிகள் ஐப்பசி மழையில் ஊளையிட்டன. முதலில் கதவோரம் வண்ணம் கொப்புளித்தது. பிறகு பின்புறம் ஓரிடத்தில் விரல் உள்ளே போயிற்று. ராமநாதபுரத்தில், இளமையில் ஹெரால்டுகளைப் பழுதுபார்த்த ஒரு மெக்கானிக் அண்ணனை அழைத்துவந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தார். பாதி இடத்தில் அது கீழே விழுந்தது. அங்கெல்லாம் இரும்பே இல்லை, பட்டிதான். பிறகு டேப்பை எடுத்து முன்சக்கர அச்சிலிருந்து பின்சக்கர அச்சுவரை அளந்தார். தொண்ணூற்றொன்றரை அங்குலம். ஸ்பிட்ஃபயருக்கு எண்பத்து மூன்றுதான் என்று நான் அன்றிரவு தேடித் தெரிந்துகொண்டேன். எட்டரை அங்குலத்தில் அடங்கிவிட்டது என் ஆறரை லட்சம்.

இது ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வந்து, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்த கார். வடிவமைத்தவர் மிச்செலாட்டி என்ற இத்தாலியர். அதன் சேஸிஸைக் குறுக்கித்தான் பின்னாளில் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அதனால் இரண்டிலும் பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். என்னை மயக்கியதும் அந்தத் திறப்புத்தான். ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. கழற்றுவது எளிது. கூரையைக் கழற்றி, பின்னிருக்கையைப் பிடுங்கி, முகத்தையும் வாலையும் பட்டி பூசி வளைத்துவிட்டால் நரி பரியாகிவிடும்.

விற்றவர் தொலைபேசியில் மரியாதை குறையாமல் பேசினார். “கையெழுத்துப் போட்டுட்டீங்களே சார்.” மத்தியஸ்தம் பேசி எழுபதாயிரம் திரும்பி வந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதியை அவர் பெரிதாகச் சொல்லியிருந்தார். அந்த விதிப்படி சேஸிஸ், உடல், இஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. ஆகவே அந்த வழியும் அடைபட்டது.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வாங்கிவந்த நாளில் அவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்குடா” என்றார், ஏறவில்லை. மெக்கானிக் வந்துபோன மறுநாள் காலை வேப்பமரத்தடியில் அவரைப் பார்த்தேன். காருக்குள் குனிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்தில் நான்கு திருகாணித் துளைகள் இருந்தன.

“இங்க சீட்டு இருந்திருக்கு.”

“ஆமாப்பா. எடுத்துட்டாங்க.”

“நான் பின்னாடிதான் உக்காந்தேன். மத்த ரெண்டு பேரும் முன்னாடி ஏறிக்கிட்டானுங்க. நீ வாங்கிட்டு வந்தப்பவே சொல்லலாம்னு நெனச்சேன், பின் சீட்டே இல்லாத காருல நான் எங்கடா உக்காந்திருப்பேன்னு. உனக்குச் சந்தோசமா இருந்துச்சு. விட்டுட்டேன்.”

கூரையில்லாத ஹெரால்டும் 1960 முதல் இங்கிலாந்தில் தயாரானது என்று பிறகு படித்தேன். நான்கு பேர் அமரலாம்.

மெக்கானிக் அண்ணன் உசிலம்பட்டியில் கிடந்த ஒரு ஹெரால்டிலிருந்து பின்னிருக்கை ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். மூவாயிரம் வாங்கிக்கொண்டார். துளைகள் சரியாகப் பொருந்தின. கார் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. உப்புக்காற்று மீதியையும் தின்றுகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு பின்னிருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவார். காபியை அங்கேயே கொடுத்தனுப்பச் சொல்வார்.