பொருந்தும் துண்டுகள்

மதுரங்குளியை அடுத்துள்ள எமது கனமூலையில் தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவன் கணினி நிரல் எழுத அமர்ந்தால், அவனை முதலில் மறிப்பது தர்க்கம் அன்று, ஆங்கிலமே. பாஸ்கல் மொழியில் ஒரு சொல்லின் எழுத்துப் பிழைத்தாலும் நிரல் இயங்காது. கணிதத்தில் வல்ல பிள்ளையும் ‘எனக்குக் கணினி வராது’ என்று ஒதுங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ இத்தடையைத் தளர்த்தியது. அதில் கட்டளைகள் வண்ணத் துண்டுகள். எழுத வேண்டியதில்லை, கோத்தால் போதும். ‘10 முறை திரும்பச் செய்’ என்னும் துண்டின் வாய்க்குள் ‘10 அடி நகர்’ என்பதைச் செருகலாம்; பொருந்தாத துண்டு ஒட்டாது. 2014இல் சிறுவருக்கென வந்த ‘ஸ்கிராட்ச் ஜூனியர்’ துண்டுகளில் சொற்களுக்குப் பதிலாகப் படங்களே உள்ளன.

ஈய எழுத்துக் காலத்துப் பத்திரிகையாளனான எனக்கு இது வியப்பளிக்கிறது. தவறான எழுத்தைக் கோத்தாலும் அன்றைய அச்சுச்சட்டம் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும்!

ஆயினும், சிந்தனைப் பிழையைத் துண்டுகளும் திருத்தமாட்டா. நிரல் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வளர்ந்தால் திரை கொள்ளாது; அங்கே எழுத்துவழி நிரலே கைகொடுக்கும். எனவே இது படிக்கட்டு, வீடன்று. ஆனால், இரு சுமைகளையும் ஒரே நாளில் பிள்ளையின் தலையில் ஏற்றாதிருக்க அப்படிக்கட்டு வேண்டும். முதலில் சிந்திக்கப் பழகட்டும். ஆங்கிலம் அடுத்த படியில் வரட்டும்.