மந்தம்னு ஒரு பட்டம்

எங்க அண்ணன் 1993இல் ஆறாவதோடு நின்றுவிட்டது. "ஒம் மகனுக்குப் படிப்பு ஏறாது, மண்டை மந்தம்" என்று வாத்தியார் சொன்னதை அம்மா வந்து வீட்டில் சொல்லுச்சு. அப்பா நம்புச்சு. அம்மா நம்புச்சு. ரெண்டாவது படித்துக்கொண்டிருந்த நானும் நம்பினேன். எல்லாரையும்விடக் கெட்டியாக நம்பியது அண்ணன்தான். இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இன்றைக்கும் ஒரு பாரத்தை நீட்டினால், "நமக்கெதுக்குத்தா இதெல்லாம், நாந்தான் மந்தமாச்சே" என்று சிரிக்கும்.

இதே அண்ணன், அம்மா கடலை ஆய்ந்துவிட்டு வந்தால், ஆய்ந்தது எத்தனை மரக்கா, கூலி எவ்வளவு, முன்பணத்தில் கழித்தது போக மிச்சம் எவ்வளவு என்று அடுப்படியில் உட்கார்ந்தபடியே வாய்க்கணக்காகச் சொல்லும். அதை ஒருத்தரும் அறிவு என்று எண்ணவில்லை. எங்களுக்கே தோணவில்லை.

ஆலங்குடி கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பி.எட். படிக்கிற பிள்ளை ஒன்று நகல் எடுக்கக் கொடுத்த நோட்டில் 'நுண்ணறிவு' என்று ஒரு பாடம். 70, 80, 90 என்று எண் போட்டுக் கட்டம் கட்டியிருந்தார்கள். ஒரு கட்டத்துக்குள் 'மந்தம்' என்று இருந்தது. மிசினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் வாயில் வந்த வசவு என்று நினைத்திருந்தது, புத்தகத்தில் கட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த வருசமே தபால்வழிக் கல்வியில் உளவியலுக்குப் பணம் கட்டினேன். வயசு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகம் அனுப்பிய தமிழ்ப் புத்தகம் ஒன்று. திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. மற்றதெல்லாம் செல்போன்தான். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு உளவியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் போட்ட உளவியல் பாடநூலும் இலவசம். 2014இல் முதல் பதிப்பு, 2020இல் இரண்டாம் பதிப்பு. ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம் நகர ஒரு மணி நேரம் ஆகும்.

எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு வேதனை நிற்பதால் ஒரு செயல் கூடுவதுதான் அது. புத்தகத்து உதாரணம் விளங்கவில்லை. களத்துமேட்டில் நிற்கிறவர் ஏச்சு நிற்கவேண்டும் என்பதற்காக எங்கம்மா கை இன்னும் வேகமாகக் கடலை ஆயுமே, அது ஞாபகம் வந்தது. உடனே விளங்கிவிட்டது. பாடம் எங்கள் தெருவில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில்தான் எங்கள் தெரு இல்லை. அந்தத் தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவில் 'சாதி'யைத் தேடினேன். இல்லை. சாதி என்பது மனசுக்குள் குடியிருக்கிற எண்ணம் என்று 1936லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். மனசைப் பற்றிய புத்தகத்தில் அது இல்லை.

அந்தக் கட்டத்தின் கதையைத் தேடிப் படித்தேன். 1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே என்பவரும் சிமோன் என்பவரும் முதல் சோதனையைச் செய்தார்கள். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் செய்தார்கள். அறிவு கூடாது, வளராது என்பதைப் பினே ஏற்கவில்லை. 1916இல் அமெரிக்காவில் டெர்மன் அதைத் திருத்தி எடுத்தபோது, பிள்ளைகளைத் தரம் பிரிக்கிற முறமாக ஆகிவிட்டது. உதவி செய்யக் கண்டுபிடித்ததைத்தான் எங்க அண்ணனை வெளியே தள்ளுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அண்ணனுக்கு அந்தச் சோதனையைக்கூட யாரும் வைக்கவில்லை. பட்டம் மட்டும் கொடுத்தார்கள்.

அப்புறம் இணையத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் செய்த ஆய்வு கிடைத்தது. உத்தரப்பிரதேசத்துக் கிராமத்தில் ஆறாம் ஏழாம் வகுப்புப் பையன்கள். உயர்சாதி 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி 321 பேர். சிக்கலான வழிப்புதிர்களைக் கொடுத்து, போட்டு முடித்த ஒவ்வொன்றுக்கும் காசு என்றார்கள். சாதியைச் சொல்லாமல் போடவிட்டபோது இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பையனின் பேரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டுப் போடச் சொன்னபோது, ஒடுக்கப்பட்ட பையன்கள் முடித்த புதிர்கள் கணிசமாகக் குறைந்துவிட்டன. நம்மை இவர்கள் நியாயமாக மதிப்பார்களா என்ற அவநம்பிக்கை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2004இல் உலக வங்கி வழியாக வந்த ஆய்வு இது.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில், "காலனிப் பசங்க எல்லாம் எந்திரிங்க, பாரம் குடுக்கணும்" என்பார்கள். எழுந்து நிற்போம். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். உட்கார்ந்ததும் கணக்குப் பாடம். அண்ணனுக்குக் கரும்பலகையில் கை ஓடாது. அதே இடத்தில் நாலு வருசம் கழித்து எனக்கும் ஓடவில்லை. வீட்டில் ஓடிய கணக்கு பள்ளிக்கூடத்தில் ஏன் ஓடவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அதற்கடுத்து வந்தது நாய்ப் பாடம். 1967, பென்சில்வேனியா பல்கலைக்கழகம். செலிக்மன், மேயர் என்ற இருவர். நாய்களைக் கட்டிவைத்து மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டத்து நாய், தலையால் ஒரு பலகையை முட்டினால் அதிர்ச்சி நிற்கும். இன்னொரு கூட்டம் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு குட்டைத் தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விட்டார்கள். தாண்டினால் தப்பலாம். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை முனகிக்கொண்டே படுத்துவிட்டன. இதற்கு 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பேர். அடங்கிப்போவதும் ஒரு படிப்பு என்று விளக்கியிருந்தார்கள்.

எனக்கு அந்த இடத்தில் கோபம்தான் வந்தது. "அவங்களா முன்னேற நெனச்சாத்தானே" என்று ஊர்த்தெருவில் பேசுவதற்குப் பரீட்சைத்தாளில் எழுதும்படியான ஒரு பேர் கிடைத்துவிட்டதாகத் தோணியது. நாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறது. சுவிட்சைப் போட்ட கையைப் பற்றி அரை வரி இல்லை.

பல்கலைக்கழகப் புத்தகமும் பழைய இங்கிலீஷ் புத்தகமும் அதோடு நின்றுவிட்டன. செல்போனில் தேடியபோதுதான், அதே மேயரும் செலிக்மனும் 2016இல் எழுதிய கட்டுரை பற்றித் தெரிந்தது. ஐம்பது வருசம் கழித்து, மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, நாங்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டோம் என்று அவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடர்ந்து அடி விழுந்தால் முடங்கிப்போவது உடம்பின் இயல்பு. அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்வது இன்னொன்றை. நான் செய்தால் இது நிற்கும் என்ற பிடிமானத்தை. மூளையின் முன்பகுதி அந்தப் பிடிமானத்தைக் கண்டுகொண்டால் முடக்கத்தை அதுவே அடக்குகிறது. அந்த நாய்களிலும், கயிற்றைக் கட்டி மறுபக்கத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துக் காட்டியபின் தானே தாண்டப் பழகின என்று 1968லேயே எழுதியிருந்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு அம்மாவின் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது 1991, 92இல். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். 1992 பெண்கள் தினத்தில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். குவாரியில் கல் உடைத்த பெண்களும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளில் பழகினார்கள்.

எங்கம்மா பழகியது வாடகை சைக்கிளில். அறிவொளிக்கு வந்த அக்கா ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடும். அம்மா விழும், முட்டி பேரும், திரும்ப ஏறும். ஒருநாள் அந்த அக்கா கையை விட்டதே அம்மாவுக்குத் தெரியவில்லை. ஓட்டப் பழகிய பிறகும் ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும். ரெண்டு மாசம் அப்படித்தான். அப்புறம் ஒருநாள் இறங்கவில்லை. "ஏம்மா எறங்கல?" என்று கேட்டேன். "பெரேக் புடிக்க மறந்துட்டேன்டி" என்று சொல்லுச்சு. அதற்கப்புறம் எப்போதும் மறந்துவிடும்.

இதை வைத்து, மனசு மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 டிசம்பர் 26இல் இதே மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத் தன்னம்பிக்கைப் பாடம் நடத்துகிறவன் அயோக்கியன். சுவிட்சு யார் கையில் என்று கேட்காத உளவியல், படுத்துக்கிடக்கும் நாயை மட்டும்தான் திட்டும். ஆனால் கேரியரைப் பிடித்து ஓட ஒரு ஆள் வேண்டும் என்பதும் உண்மை. அம்மாவுக்கு அந்த ஆள் கிடைத்தது. அடுத்த வருசமே பள்ளியை விட்டு நின்ற அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

போன மாசம் அண்ணனுக்குப் போன் போட்டு, புதிர் ஆய்வையும் நாய்க் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப நான் மந்தம் இல்லையாத்தா?"

"இல்லண்ணே."

"இத முப்பது வருசத்துக்கு முன்னாடி ஒருத்தனும் சொல்லலியே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும்தானே நம்பியிருந்தேன்.

மறுவாரம் அண்ணனே கூப்பிடுச்சு. மகன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமாம். எப்போதும் அண்ணிதான் போகும். "இந்தத் தடவ நான் போறேன். கிளாஸ்ல வச்சுப் பயல எந்திரிக்கச் சொன்னாங்களாம். ஏன்னு கேக்கணும். எப்படிக் கேக்கணும்னு சொல்லு" என்றது. ரெண்டு பேரும் போனிலேயே நாலு தடவை பேசிப் பார்த்தோம்.

எனக்கு வருகிற மாசம் பரீட்சை. கற்றுக்கொண்ட கையறுநிலை கட்டாயம் வரும் என்கிறார்கள். 1967ஐ எழுதினால் மார்க் போடுவார்கள். நான் 2016ஐயும் எழுதப்போகிறேன். தாளில் இடமிருந்தால் 1992ஐயும்.